செல்ஃப் மேல் பழி போடாதே, தம்பி

காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஃபோனில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "அண்ணே, செல்ஃப் போயிடுச்சு." பழைய அம்பாசிடராக இருக்கும், பத்மினியாக இருக்கும், அல்லது தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப்பாக இருக்கும். போய்ப் பார்த்தால் பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், அல்லது எர்த் பட்டை அறுந்து தொங்கும். செல்ஃப் மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றுபோனது. இன்று ஓடுகிற ஒவ்வொரு அம்பாசிடரும் பத்து வயதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியவையும் நம் ஊர்ச் சாலைகளில் உண்டு. அந்த வண்டிகளை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளும், அவற்றைப் பழுது பார்க்கப் புதிதாக ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். ஆட்டோ எலெக்ட்ரீசியனாக நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்த பிறகு அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பவை இவை.

1. கழற்றுவதற்கு முன் கேள்

வண்டிக்காரரிடம் நாலு கேள்வி கேட்காமல் பானெட்டைத் தூக்காதே. திடீரென்று நின்றதா, நாளுக்கு நாள் இழுவை குறைந்து வந்து நின்றதா? காலையில் எடுக்கவில்லையா, ஓடி நிறுத்திச் சூடாக இருக்கும்போது எடுக்கவில்லையா? எத்தனை நாளாக வண்டி நின்றது? கடைசியாக யார், எந்த வேலை செய்தார்கள்?

நாலாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். தொழிலுக்கு வந்து மூன்றாவது வருஷம். கிளட்ச் வேலை முடிந்து வேறொரு கடையிலிருந்து வந்த வண்டி, ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃபைக் கழற்றி கார்பன் மாற்றினேன். எடுக்கவில்லை. இன்னொரு செல்ஃபைப் போட்டேன். அதுவும் எடுக்கவில்லை. எனக்குத் தொழில் கற்றுத் தந்த பாய் வந்து, சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு சோக் கேபிளின் மேல் விரல் வைத்துச் சட்டென்று எடுத்தார். கேபிள் அடுப்புக் கம்பி மாதிரி கொதித்தது. கியர்பாக்ஸ் இறக்கியபோது கழற்றிய எர்த் பட்டையை அந்தக் கடையில் திரும்ப மாட்டவில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் கரண்ட் பாடிக்குத் திரும்ப வேறு வழி இல்லாமல், அந்த மெல்லிய சோக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. பட்டையை மாட்டியதும் வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருடைய ஒரு முழு நாள் மிஞ்சியிருக்கும்.

2. உன் உடம்பை முதலில் காப்பாற்று

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று உன் கையால் அசைத்துப் பார். ஹேண்ட் பிரேக் போடு, சக்கரத்துக்குக் கல் வை. மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடு. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மோதிரம் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

கழற்றும்போது எர்த் டெர்மினல் முதலில். மாட்டும்போது அது கடைசியில். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. ஆங்கிலேய வடிவமைப்பில் வந்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். குறியை மட்டும் நம்பாதே. எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்.

வண்டி கியரில் இருக்கும்போது சக்கரத்துக்கு முன்னே படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபை ஷார்ட் செய்யவே செய்யாதே. வண்டி உன்மேல் ஏறிவிடும்.

3. காதைத் தீட்டிக்கொள்

ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீ இன்ஜின் பக்கம் நில். வரும் சத்தம் பாதி வேலையை முடித்துவிடும்.

சத்தமே இல்லை, ஆனால் விளக்கு பிரகாசமாக எரிகிறது என்றால் இக்னிஷன் சுவிட்ச், சொலினாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) போகும் சின்ன ஒயர், சொலினாய்டு காயில் ஆகியவற்றைப் பார்.

"டிக் டிக் டிக்" என்று அடுக்கடுக்காக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூசு. சொலினாய்டு இழுக்கிறது; இழுத்ததும் வோல்ட் விழுகிறது; விடுகிறது; மறுபடி இழுக்கிறது.

ஒரே ஒரு "டொக்", அதோடு நிசப்தம் என்றால் சொலினாய்டு வேலை செய்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. சொலினாய்டின் உள்ளே செம்புத் தகடு கருகியிருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், பல் சிக்கியிருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கலாம்.

மோட்டார் "வ்ர்ர்ர்" என்று சுற்றியும் இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் (பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை ஃப்ளைவீலை நோக்கித் தள்ளும் பாகம்) பக்கம் போ. கரகரவென்று அரைத்தால் பல் தேய்ந்துவிட்டது.

முக்கி முனகி மெதுவாகச் சுற்றினால் அவசரப்பட்டு எதையும் சொல்லாதே. பேட்டரி, கேபிள், எர்த், புஷ், இன்ஜின் ஐந்தும் சந்தேகத்துக்குரியவை. மீதியை மீட்டர் சொல்லும்.

4. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பு

மீட்டர் இல்லாத நடுவழியில் இதுதான் உன் மீட்டர். சாவியைத் திருப்பும்போது விளக்கு அடியோடு அணைந்தால் டெர்மினல் பிடிப்பில் கோளாறு. மங்கிப் போனால் பேட்டரி காலி. அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகி, கரண்டை அள்ளிக் குடிக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. சுவிட்ச், சொலினாய்டு, கார்பன் வரிசையில் தேடு.

5. பேட்டரியை வேலை வாங்கிப் பார்

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால், நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். இது சும்மா நிற்கும்போது காட்டும் கணக்கு. அதை மட்டும் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்காதே. செல்ஃப் சுற்றும்போது மீட்டர் 9.6க்குக் கீழே போகக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டி, சுற்றும்போது 7க்கு விழும் பேட்டரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார். ஐந்து செல் ஒரே மாதிரி நின்று ஒன்று மட்டும் 50 புள்ளி இறங்கியிருந்தால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்தது. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. குழாய்த் தண்ணீரும் ஆசிட்டும் வேண்டாம்.

பேட்டரி இறங்கியிருந்தால் ஏன் இறங்கியது என்று கேள். ஆல்டர்னேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். டைனமோ வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அநேகமாகச் சார்ஜே ஏறாது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் டைனமோ வண்டிக்கு பேட்டரி இறங்குவது இயல்பு. வாரத்தில் ஒருநாள் நீண்ட சாலையில் ஓட்டச் சொல்.

6. டெர்மினலை ஈயம் பளபளக்கும் வரை தேய்

வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பூத்த பொடி நுரைத்துக் கரையும். மூடித் துளைகள் வழியாக அது உள்ளே போகாமல் பார்த்துக்கொள். பிறகு துடைத்து, உப்புத்தாளால் போஸ்டையும் கிளாம்பின் உட்புறத்தையும் தேய். வெளியே அழகாக இருக்கும் கிளாம்ப் உள்ளே கறுத்திருப்பது சகஜம். சுத்தியலால் தட்டி இறக்காதே. உள்ளே பிளேட் உடையும். முறுக்கி முடித்த பின் மேலே வேஸ்லின் தடவு.

7. வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடு

தம்பி, இதை மட்டும் கற்றுக்கொண்டால் உன் தொழில் நிலைக்கும். அதனால் நிதானமாகப் படி.

பெட்ரோல் காரின் செல்ஃப் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் அதைவிட அதிகம் இழுக்கும். இவ்வளவு பெரிய ஓட்டத்தில் துளி துரு கூட பெரிய தடை. கணக்குப் போட்டுப் பார்: ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்து 150 ஆம்பியர் ஓடினால், அங்கேயே 1.5 வோல்ட் தொலைந்துவிடும். அந்த 0.01 ஓமை உன் மீட்டரின் ஓம் பகுதியில் வைத்தால் சைபர் என்றே காட்டும். இழையெல்லாம் அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய தேர் வடத்தை நினைத்துக்கொள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தேரை இழுக்குமா? கேபிளும் அப்படித்தான். சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வை. டீசலில் ஸ்டாப் நாபை இழுத்து வை. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வை. ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் போஸ்டில், கிளாம்பில் படாமல் ஈயத்தின் மேலேயே வை. மற்றதை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில் வை. ஒருவரைச் சாவி திருப்பச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் வழி சுத்தம். அதற்கு மேல் போனால் முள்ளை ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு நகர்த்து: இன்ஜின் பிளாக், எர்த் பட்டை, பாடி, கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் நோய்.

பிறகு போகும் வழி. பேட்டரியின் மற்ற போஸ்டில் ஒரு முள், செல்ஃபின் பெரிய டெர்மினலில் ஒரு முள். மொத்தம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே தனியாக அள. அங்கே மட்டும் அதிகம் காட்டினால் உள்ளே தகடு கருகிவிட்டது.

இரண்டு வழியும் சுத்தம், பேட்டரியும் நல்லது, அப்போதும் சுற்றவில்லையா? அதன் பிறகுதான் செல்ஃப் மேல் சந்தேகப்பட உனக்கு உரிமை.

8. சொலினாய்டின் சின்ன ஒயரை மறக்காதே

சாவியைத் திருப்பும்போது அந்த ஒயரில் டெஸ்ட் லைட் நன்றாக எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சுவிட்சை நோக்கிப் பின்னால் போ. பழைய வண்டிகள் சிலவற்றில் சொலினாய்டு தனியாக இன்ஜின் அறைச் சுவரில் இருக்கும். ரப்பர் மூடிய பொத்தானும் அதில் இருக்கலாம். நியூட்ரலை உறுதி செய்துகொண்டு அதை விரலால் அழுத்து. மோட்டார் சுற்றினால் சுவிட்ச் பக்கம் குறை, சுற்றாவிட்டால் சொலினாய்டு, மோட்டார் பக்கம் குறை.

9. பெண்டிக்ஸுக்கு எண்ணெய் காட்டாதே

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் வருவது வேகத்தால் பல் முன்னேறும் வகை. மோட்டார் சட்டென்று சுற்றும்போது பினியன் புரியின் மேல் ஓடி ஃப்ளைவீல் பல்லைக் கடிக்கும். புரியில் அழுக்கு ஏறினால் பினியன் நகராது, மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டால் போதும். கழுவிய பிறகு கிரீஸ் தடவும் பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. அது தப்பு. கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பினியன் பல்லில் சிக்கி நின்றுவிட்டால் சுவிட்சை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. விடவில்லை என்றால் மோட்டாரின் பின்முனைத் தொப்பியைக் கழற்றிப் பார். பல மாடல்களில் ஆர்மேச்சர் தண்டின் நுனி சதுரமாக இருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விடுபடும். இதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

10. ஃப்ளைவீல் பல் இரண்டு இடத்தில்தான் தேயும்

நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது அநேகமாக இரண்டே நிலைகளில் வந்து நிற்கும். எதிரெதிரே உள்ள அந்த இரண்டு இடத்துப் பற்களை மட்டும் செல்ஃப் தினமும் கடிக்கும். ஒருநாள் அரைத்து, கியரில் போட்டுக் கொஞ்சம் தள்ளியதும் நன்றாக எடுத்தால் இதுதான் காரணம். புதிய செல்ஃப் போட்டால் அதன் பல்லும் கெடும். ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, இடம் மாற்றியோ திருப்பியோ போடலாம், முடியாவிட்டால் மாற்று.

11. பிரித்தால் முறையாகப் பிரி

எர்த்தைக் கழற்றாமல் செல்ஃபில் கை வைக்காதே. பல வண்டிகளில் அதற்கு வரும் பெரிய கேபிளில் எப்போதும் உயிர் இருக்கும். ஷிம், வாஷர் வந்த வரிசையைத் துணியில் அடுக்கி வை. கார்பன் தன் கூட்டில் தடையில்லாமல் வழுக்க வேண்டும், ஸ்பிரிங் அழுத்த வேண்டும். கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடை. போகவில்லை என்றால் மிக மெல்லிய கண்ணாடித்தாள். எமரி வேண்டாம்.

டைனமோ வேலை பழகியவர்கள் இங்கே தப்பு செய்வார்கள். டைனமோவின் கம்யூட்டேட்டரில் செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள மைகாவைக் கீழே வெட்டிவிட வேண்டும். லூகாஸ் வகை பழைய செல்ஃபில் வெட்டவே கூடாது. புதிய வெண்கல புஷ்ஷைச் சுத்தமான இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவைத்துப் போடு. ரீமர் போட்டால் எண்ணெய் கசியும் நுண்துளைகள் அடைபட்டுவிடும், ரீமர் வேண்டாம்.

பழைய புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் இறங்கி ஃபீல்டு இரும்பில் உரசும். உரசிய தடம் பளபளவென்று தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்த பிறகும் கார்பன் மட்டும் மாற்றி அனுப்பினால் வண்டி அடுத்த மாதம் திரும்பி வரும்.

12. இன்ஜினையும் விசாரி

மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் முக்குகிறதா? டைமிங் அதிகம் முன்னேறியிருந்தால் சூட்டில் இன்ஜின் எதிர்த்து உதைக்கும். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் இறுகி நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கி எழுந்த வண்டியில் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும், செல்ஃபும் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்று, ஆயிலை மாற்று, அதன் பிறகு சாவி. டீசலில் ஹீட்டர் பிளக் காயாமல் செல்ஃபை அடித்துக்கொண்டிருக்காதே.

13. பத்து விநாடிக்கு மேல் சுற்றாதே

செல்ஃப் கொஞ்ச நேரம் பெரும் சுமை தூக்கச் செய்யப்பட்ட மோட்டார். பத்து விநாடி சுற்று, ஒரு நிமிஷமாவது விடு. மூன்று முறைக்குள் எடுக்காவிட்டால் நிறுத்திக் காரணத்தைத் தேடு. விடாமல் சுற்றினால் ஈயப் பற்று உருகித் தெறித்து ஆர்மேச்சர் வெந்துபோகும்.

14. ஹேண்டில் போட்டால் கட்டைவிரலைக் காப்பாற்று

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912ல் காடிலாக் காரில் வந்தது. அதுவரை உலகமே ஹேண்டில் சுற்றிக் கை முறித்துக்கொண்டது. பழைய அம்பாசிடரில் ஹேண்டில் போடும் வழி இருப்பதால் தெரிந்துகொள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை. பிடியைச் சுற்றி வளைக்காதே. கீழிருந்து மேலே இழு, மேலிருந்து அழுத்தாதே. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகட்டும்.

15. கழற்றியதைக் காட்டு

டெர்மினல் தேய்த்து வண்டி எடுத்துவிட்டால் டெர்மினல் தேய்த்தேன் என்று சொல். கண்டுபிடித்ததற்குக் கூலி வாங்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்றாத ஆர்மேச்சருக்குப் பணம் வாங்காதே. மாற்றியிருந்தால் பழையதைத் துணியில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடு. எங்கே தேய்ந்தது என்று விரல் வைத்துக் காட்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கலாம், பிழைப்பாக இருக்கலாம். ஒருமுறை ஏமாந்தால் அவர்கள் அந்த வண்டியையே விற்றுவிடுவார்கள். அப்படி விற்று, உடைத்து, எடைக்குப் போன நல்ல வண்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பதினைந்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கேள், கவனி, அள, பிறகு கழற்று என்ற வரிசை மட்டும் கையில் ஊறினால் போதும். ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கிக்கொள். நாளைக் காலை ஒருவர் "செல்ஃப் போயிடுச்சு" என்று கூப்பிட்டால், ஸ்பேனர் பெட்டிக்கு முன்னால் அந்த மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பு.